வலியுல்லாவின் வலது கால்

வலியுல்லா கைபேசியைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்து, படத்தை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓட விடுகிறார். திரையில் நீல வெளிச்சம், நுரை, நடுவில் நீந்துகிற இரண்டு கால்கள். கழுத்தில் கிடக்கும் டேப்பை எடுத்து அந்தக் கால்களுக்கு இடையே வைத்து அளக்கிறார். "இன்னும் கால் இஞ்சு கீது" என்கிறார். ரவிக்கைக்காகக் காத்திருக்கும் அம்மாள், தன் அளவைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டி வைக்கிறார்.

கால்கள் வலியுல்லாவுடையவை. வயது ஐம்பத்திரண்டு. தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருபத்தெட்டு வருடமாகத் தையல் கடை. முதுகுவலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னார் என்று ஆழ்வார்பேட்டை நீச்சல் குளத்தில் இறங்கினார். வலி போய்விட்டது, நீச்சல் பிடித்துக்கொண்டது. அதிலும் சுலபமானதாகப் பார்த்துப் பிடித்திருக்கலாம். மனிதர் பிடித்தது பட்டர்ஃபிளை. இரண்டு கையையும் ஒருசேர வீசி, இரண்டு காலையும் ஒருசேர அடித்து, பாதித் தூரத்திலேயே ஆளின் மூச்சை வாங்கிவிடும் நீச்சல் அது.

மூத்தோர் போட்டியில் ஐம்பது மீட்டருக்கு இரண்டு வருடம் பெயர் கொடுத்தார். இரண்டு வருடமும், கால்கள் சேர்ந்து அடிக்கவில்லை என்று நடுவர் கையைத் தூக்கிவிட்டார். முடிவுத் தாளில் மற்றவர்களுக்கெல்லாம் நேரம் போட்டிருந்தது. இவர் பெயருக்கு நேரே மட்டும் தகுதி நீக்கம். கடைசியாக வந்தாலும் கவலையில்லை, பெயருக்கு நேரே ஒரு நேரம் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. "நூலு புடிச்சா மாதிரி போறேன். அந்தாளுக்குக் கண்ணுல கோளாறு" என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கோளாறை நிரூபிக்கத்தான் தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கிளம்பினார். ரெயின்கோட் துணியில் கைபேசிக்கு ஓர் உறை தைத்தார். அழகான உறை, இரட்டைத் தையல். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை என்பது, ஊசியோடு வாழ்கிறவருக்குத் தோன்றவே இல்லை. முதல் முங்கலிலேயே கைபேசி உயிரை விட்டது. பக்கத்தில் கைபேசி பழுது பார்க்கும் தௌசீஃப் சிரித்து முடித்துவிட்டு, அதற்கு மறுபடி உயிர் கொடுத்து, தண்ணீர் புகாத சின்னக் கேமரா ஒன்றை இரவல் கொடுத்தார்.

மனைவி ஜஹீதா அதைத் திரைச்சீலைக் கம்பியின் நுனியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டபடி, குளத்தின் கரையோரமாகவே கூட நடந்தார். நீச்சலில் அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் படத்தை ஒருமுறை பார்த்ததும் விஷயத்தைச் சொன்னவர் அவர்தான்.

"நடுவரு பொய் சொல்லலீங்க. தண்ணிக்குள்ளயும் நீங்க மெஷினு மிதிச்சிகினு கீறீங்க."

அப்படித்தான் இருந்தது. வலது பாதம் முன்னே, இடது பாதம் பின்னே. ஒன்று அழுத்தினால் மற்றது எழுகிறது. வலியுல்லா படத்தை மூன்று முறை ஓட விட்டுப் பார்த்தார். அந்த நடுவரை என்னென்னவோ சொல்லியிருந்தாரே, வெட்கமாக இருந்தது. பிறகு, கை இறுக்குகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டார்.

"இன்னா இப்ப? பிரிச்சி தைச்சா போச்சி."

அன்று முதல், பாவாடை எலாஸ்டிக்கால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நீந்தினார். முதல் வாரம் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். கடையிலும் பாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பெடலை மிதித்தார். தையல் ஓடிய லட்சணத்தில் மூன்று ரவிக்கைகளை நிஜமாகவே பிரிக்க வேண்டியதாயிற்று. ஜஹீதா வாரம் இருமுறை கம்பியோடு நடந்தார். திரையில் ஓர் இஞ்சாக இருந்த இடைவெளி அரையாகி, கால் இஞ்சில் வந்து நின்றது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

அந்தக் கால் இஞ்சோடுதான் போன மாதம் மூன்றாவது முறையாகப் போட்டியில் குதித்தார். எல்லோருக்கும் பின்னால் வந்து இரண்டு கையாலும் சுவரைத் தொட்டார். நடுவர் கையைத் தூக்கினாரா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. தாளைக் கொண்டுவந்து ஒட்டும் வரை ஈரத் துண்டோடு அங்கேயே நின்றார். ஒட்டியதும் தன் பெயரின்மேல் விரலை வைத்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். வரியின் கடைசியில் ஒரு நிமிடம் பதினாறு நொடி என்று இருந்தது.

ஜஹீதாவின் கையிலிருந்த தன் சட்டையை வாங்கினார். அதன் பைக்குள் எப்போதும் கிடக்கும், துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, பெயரின் அடியில் தொடங்கி அந்த நேரம் வரைக்கும் ஒரே இழுப்பில் நேராக ஒரு கோடு போட்டார்.