துளசி கையைத் தூக்கிய நாள்

ஜனவரி மாதப் பின்னேரம் ஒன்றில், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவின் காட்டுப் பாதையில் ஓடிவிட்டு வந்த என் தங்கை துளசி, பனி ஒட்டிய சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள். உடனேயே எழுந்து, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்தாள்.

“என்ன செய்யுது?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அக்கா. படுத்தா நெஞ்சுக்குள்ளை குத்துது. குனிஞ்சு இருந்தாக் குறையுது.”

துளசிக்கு இருபத்திரண்டு வயது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அவள் மெல்பேர்னில் பிறந்தவள். நான் திருமணமாகி ஒஸ்லோவுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு அவள் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் (முட்டை வடிவப் பந்தை உதைத்தும், முஷ்டியால் குத்தியும், பாய்ந்து பிடித்தும் ஆடும் விளையாட்டு) பெரிய கழகம் ஒன்றின் பெண்கள் அணிக்குத் தெரிவானாள். பருவம் முடிந்த இடைவெளியில் என்னிடம் விடுமுறைக்கு வந்திருந்தாள்.

ஒரு கிழமையாகத் தடிமனும் (சளி) காய்ச்சலும். அதோடுதான் தினமும் ஓடினாள். மறித்தபோது, “நான் ஓடாத நாளிலை அங்கை இன்னொருத்தி ஓடுவாள்” என்றாள்.

அவசர சிகிச்சை நிலையத்தில் இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்தார்கள். இரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை காயப்பட்டால் கசியும் புரதம்) மிக அதிகமாக இருந்தது. அங்கிருந்து அம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு. நடந்து வந்த பிள்ளையைப் படுக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

காந்தப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்த பிறகு இதய மருத்துவர் எங்களிடம் வந்தார். நிதானமாகப் பேசுகிற பெண். மயோகார்டிட்டிஸ் (இதயத் தசை அழற்சி) என்றார். தடிமனைக் கொண்டுவந்த வைரஸ் இதயத்திலும் இறங்கியிருக்கலாம் என்றார்.

“ஆறு மாதத்துக்கு ஓடக் கூடாது. புண்ணாகி இருக்கும் இதயத்தை வேகமாக அடிக்க வைத்தால் அது தாளம் தப்பலாம். தாளம் தப்பினால் நின்றும் போகலாம்.”

“நடக்கலாமா?” என்று துளசி கேட்டாள்.

“நடக்கலாம். மூச்சு வாங்காத வரைக்கும்.”

வீட்டுக்கு வந்தோம். ஹொல்ம்லியா ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம். முதல் நாள் அந்த ஏற்றத்தில் இருமுறை நின்றாள். கைத்தடியோடு வந்த முதியவர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். அவர் முதுகு மறையும்வரை துளசி பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் மாதம் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் நின்று ஆங்கிலத்தில் “விளங்குது, விளங்குது” என்று சொல்வது கேட்டது. அடுப்பை அணைத்தேன்.

“என்னை லிஸ்ட்டிலை இருந்து எடுத்திட்டினம்.”

“நோயிலை கிடக்கிறவளை எப்பிடி எடுப்பினம்? என்ன மனுசர்?”

“இல்லை அக்கா. நல்ல மரியாதையாத்தான் சொன்னவை. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.”

அன்றைக்கே அம்மா மெல்பேர்னிலிருந்து தொலைபேசி எடுத்தார். “பிள்ளை உயிரோடை இருக்கிறாள், அது காணும். இனி அந்தப் பந்துக் கதையே வேண்டாம்” என்றார். மேசையில் இருந்த தொலைபேசியில் அவர் குரல் சத்தமாக ஒலித்துக்கொண்டிருந்தது. துளசி எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

இதே நோயோடு ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ‘உயிர் தப்பியதே பெரிது’ என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் தப்பியவர்தான். நாம் சொன்னால், உனக்கு இனி வேறொன்றும் வேண்டாம் என்று அவருக்குக் கேட்கிறது.

வெளியே பனி உருகி, மரங்கள் துளிர்த்தன. துளசி கண்ணாடி முன் நின்று தன் தொடைகளைக் கையால் அளந்து பார்ப்பாள். “ஆரோ ஒராளின்ரை கால் மாதிரி இருக்கு” என்பாள். நான் வேலைக்குப் போகுமுன் அவள் அறைக் கதவில் காதை வைத்து மூச்சுச் சத்தம் கேட்ட பிறகே படியிறங்குவேன். அது அவளுக்குத் தெரியும் என்று பின்னால்தான் அறிந்தேன்.

ஜூலையில் மறுபடியும் காந்தப் படம். பிறகு துடிப்பைக் கண்காணிக்கும் கம்பிகளை நெஞ்சில் ஒட்டி மிதிவண்டிச் சோதனை. அழற்சி போய்விட்டது, மெல்லிய வடு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்றார் மருத்துவர்.

“படிப்படியாக விளையாடத் தொடங்கலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொல்வதில்லை.”

துளசி பழைய கழகத்தைக் கேட்டாள். இந்த வருடம் இடமில்லை என்றார்கள். வேறொரு கழகம் வடு என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சை நிறுத்திக்கொண்டது.

ஒஸ்லோவில் இந்த விளையாட்டை ஆடும் சிறிய பெண்கள் அணி ஒன்று இருப்பதை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். சம்பளம் இல்லை, பார்வையாளர்களும் இல்லை. அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடவேண்டிய ஆட்டத்தை ஒன்பது பேராக, வாடகைக்கு எடுத்த உதைபந்தாட்டத் திடலில் ஆடுவார்கள். பயிற்சியாளர் மாரித் ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மற்றவர்களிடமும் கேட்க வேண்டும். அவர்கள்தான் இவளோடு மோதப்போகிறார்கள்” என்றாள்.

அடுத்த பயிற்சியில் துளசியையும் வைத்துக்கொண்டே கேட்டாள். சில்யே என்ற உயரமான பெண் ஒளிக்காமல் சொன்னாள்: “எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விழுத்தி, இவள் எழும்பாவிட்டால்?”

துளசிதான் பேசினாள். “எனக்கும் பயம்தான். பயத்தை ஒளிச்சு, காய்ச்சலோடை ஓடினதாலைதான் எனக்கு இது இவ்வளவுக்கு வந்தது. இனி ஒளிக்க மாட்டன்.” அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் மனம் தமிழில்தான் வைத்திருக்கிறது.

மாரித் இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். நெஞ்சில் எது நடந்தாலும் கையைத் தூக்கிவிட்டு வெளியே வரவேண்டும். திடலோரத்தில் இதய மின்னதிர்வுக் கருவியோடு (நின்ற இதயத்தைத் திரும்ப அடிக்கவைக்கும் பெட்டி), பயிற்சி பெற்ற ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஒருவர் நானானேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகும் வகுப்பில் என் கண்களுக்கு அந்தப் பொம்மை துளசியாகவே தெரிந்தது. பயிற்றுநர் இன்னும் பலமாக அழுத்தச் சொன்னார். அழுத்தினேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஓடத் தொடங்கினாள். ஒரு மாலை சில்யே அவளை முதன்முதலாக இடித்து விழுத்தினாள். விழுத்திய கையோடு பக்கத்தில் மண்டியிட்டு, “சரியா? சரியா?” என்று கத்தினாள். துளசி புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தாள். மல்லாந்து படுத்தால் குத்திய நெஞ்சு. நான் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன்.

செப்டம்பரில் ஸ்வீடனிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். மழைத் தூறல். துளசி இரண்டு பேருக்கு மேலாகப் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது, இந்த விளையாட்டுக்காக ஏன் இவள் இத்தனை பாடுபட்டாள் என்று எனக்கு முதன்முறையாக விளங்கியது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எங்கள் அணி சிறிது பின்தங்கியிருந்தது. பந்து அவளிடம் வந்தது. முன்னால் திறந்த வெளி. இரண்டு அடி ஓடினாள். பந்தைச் சில்யேயிடம் குத்திக் கொடுத்துவிட்டு, நின்று, கையைத் தூக்கினாள்.

நான் ஓடினேன். அவள் நடந்துதான் வந்தாள்.

“ரெண்டு தரம் துள்ளிச்சுது. இப்ப இல்லை” என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். வேகமாக, ஆனால் ஒழுங்காக அடித்தது. மாரித் வேறு ஒருத்தியை உள்ளே அனுப்பினாள். நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

“கவலையா?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றாள். மழையில் அழுதாள். ஆனால் ஆட்டம் முடியும்வரை, திரும்ப உள்ளே விடச் சொல்லி அவள் கேட்கவில்லை.

அடுத்த கிழமை மருத்துவர் ஒரு சிறிய கருவியை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார். கூடுதல் துடிப்புகள் (இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு), இவள் நிலையில் ஆபத்தில்லாதவை, தொடர்ந்து ஆடலாம் என்றார். இன்றும் ஆடுகிறாள். பெரிய கழகம் எதுவும் அவளை அழைக்கவில்லை. அழைத்தால் என்ன சொல்வாள் என்று நான் கேட்கவும் இல்லை. மெல்பேர்னுக்குத் திரும்பாமல் என்னோடேயே தங்கி, மாரித்தின் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறாள்.

போன கிழமை காலை, இருவரும் வேலைக்குப் புறப்பட்டு ஏற்றத்தால் இறங்கும்போது, நிலையத்துக்குள் ரயில் வந்துகொண்டிருந்தது. அவள் ஓடினால் பிடித்திருப்பாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “ஓடுவமா அக்கா?” என்றாள். முன்பெல்லாம் அவள் கேட்பதில்லை, கேட்குமுன் ஓடியிருப்பாள்.

“உனக்கு எப்பிடி?”

கொஞ்சம் பொறுத்து, உள்ளே எதையோ கேட்பதுபோல நின்று, “ஓடலாம்” என்றாள். “ஆனா இண்டைக்கு வேண்டாம்.”

கதவுகள் மூடி ரயில் போனது. வெறும் மேடையில், பனி விழத் தொடங்குவதைப் பார்த்தபடி நின்றோம். அடுத்த ரயில் வரும்வரையான அந்த நேரம் எங்கள் இருவருக்கும் நீளமாகத் தெரியவில்லை.