ஹீலியத்துக்கு ஸ்டெல்லா சொன்ன பதில்

விடிவதற்கு முன்னால், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஒரு வாசம் வரும்... அழுகிய மட்டையும் ஈர மண்ணும் கலந்த வாசம். மலேசியாவில் நியாலாஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் அந்த இருட்டில்தான் ஸ்கூல் பஸ்ஸுக்கு நடப்போம். அப்போது படிவம் நான்கு, பதினாறு வயது. பனி இறங்கினால் பக்கத்தில் வருபவள் முகமே தெரியாது. பயம் தெரியாமலிருக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். நான் எலக்ட்ரான் எண்ணிக்கையைச் சொல்வேன். தனிம அட்டவணையில் அதன் இடத்தை அவள் சொல்ல வேண்டும்.

"பதினொன்னு."

"ரெண்டு, எட்டு, ஒன்னு. கடைசி ஷெல்லுல ஒன்னு, அதனால குரூப் ஒன்னு. மூனு ஷெல்லு, பீரியட் மூனு. சோடியம்லா."

எல்லாம் சரியாகச் சொல்வாள். இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தில் மட்டும் வழுக்குவாள். கடைசி ஷெல்லில் இரண்டு இருந்தால் குரூப் இரண்டுதானே என்று சண்டைக்கு வருவாள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

பிறகு அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைப்பாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை...

நான் தனியாக நடந்தேன். ஒருநாள் நல்ல பனி. பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது.

"ரெண்டு."

"குரூப் ரெண்டு."

அவள் குரல்... கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவிலிருந்து.

பயத்தை முந்திக்கொண்டு, மறுபடியும் அதே தப்பா என்ற எரிச்சல்தான் வந்தது.

"பதினெட்டுடி. அதுக்கு இருக்கிறதே ஒரு ஷெல்லு, ரெண்டுலயே நிறைஞ்சிருச்சு. அது யார்கூடயும் சேராம தனியா நிக்கும். நீ அப்படி நிக்காத, வீட்டுக்கு வா."

மட்டையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

அன்று மதியம் ஸ்டெல்லா கண் திறந்தாள். வீடு திரும்பியதும் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"ஹீலியம்?"

"குரூப் பதினெட்டு."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீதான் அன்னைக்குப் பாதையில சொன்ன."

பாதையில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அங்கே தார் ரோடு, வெள்ளை விளக்கு. பிள்ளைகள் வேனில் போகிறார்கள். ஸ்டெல்லா சுங்கை ஊடாங்கில் லேப் வேலை பார்க்கிறாள். நான் ரெம்பியாவில் டியூஷன் எடுக்கிறேன். வருஷம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை ஹீலியத்தைக் குரூப் இரண்டில் எழுதிவிடும். சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிடும்.

போன வாரம் போனில் அதைச் சொன்னேன். ஸ்டெல்லா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"உடனே திருத்திருலா. நீ அன்னைக்குத் திருத்தாம ஓடியிருந்தா... நான் இன்னும் அங்கதான் நின்னுக்கிட்டு இருப்பேன்."