நேர்ந்துகொண்ட முடி

ஏழு வயதில் என் மகளாக வந்தவள் தன் தலையை மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை. எண்ணெய், சீப்பு, பேன் மருந்து என்று நான் வாங்கி வைத்தவையெல்லாம் அலமாரியில் அப்படியே இருந்தன. காப்பகத்தில் பேன் வந்தால் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் எதுவும் சொன்னதில்லை. அங்கே இருந்தவர்களைக் கூப்பிட்ட மாதிரியே என்னையும் ‘மிஸ்’ என்றாள்.

நீ சொல்லாமல் உன் முடியை யாரும் தொடமாட்டார்கள் என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தேன். சோலார் பலகை மாட்டுவது என் வேலை. ஒன்றை முடித்து அடுத்ததுக்குப் போய்த்தான் பழக்கம். இவளிடம் அடுத்தது எதுவென்றே தெரியவில்லை. களைத்துப்போயிருந்தேன்.

எங்கள் மலையில், போளூரில் பூண்டு பயிரிடும் என் அண்ணன், தத்து உறுதியானால் பழனியில் அவளுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை. சாமி கும்பிடத்தான் என்று கூட்டிப்போனான். மொட்டை போடும் மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினான். “வா தாயி, மாமன் மடி சும்மா கெடக்கு.”

அவள் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அவளுக்கு வேண்டாம்ணே. எனக்குப் போடச் சொல்லு.”

“ஏ புள்ள, நேந்தது அவ முடிய. நீயா வந்து என் மடியில ஒக்காருவ?”

“தரையில ஒக்காந்துக்கிறேன்.”

“ஒன் ஆபீசுல கேட்டா?”

“மொட்டைன்னு சொல்லுவேன்.”

சண்டை போடத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்தார். “யாரு தலைன்னா என்னங்க, வெரசா குனிங்க. பின்னாடி ஆளு நிக்குது.”

அவள் பக்கத்திலேயே நின்று கடைசி வரை பார்த்தாள்.

திரும்பும் பேருந்து மலையேறி பெருமாள்மலையை நெருங்கும்போது சந்தனம் பூசிய என் தலை விறைத்தது. அண்ணன் முன் சீட்டில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“வலிச்சுச்சா மிஸ்?”

“இல்ல. குளுருது.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “அங்க முடி வெட்டுறப்ப ஆடுனா காதத் திருகுவாங்க. நான் அழுதேன்” என்றாள்.

“எந்தக் காது?” என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

சடையை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். நான் தொடவில்லை. குனிந்து பார்த்தேன்.