மூன்று பெயர், ஒரே எண்

பள்ளி அலுவலகத்து எழுத்தருக்கு எதையும் அடிவரை படித்தாக வேண்டும். மருந்து அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார் அந்த அம்மாள். தண்ணீர் பம்ப் பழுதானபோது மூன்று கடைகளிடம் விலை கேட்டிருந்தார். மூன்று பதில்கள் வந்தன. பெயர் வேறு, தாளின் நிறம் வேறு, விலையும் வேறு. அடியில் அச்சாகியிருந்த ஜி.எஸ்.டி. வரி எண் மட்டும் மூன்றிலும் ஒன்றே. விரல் வைத்து இருமுறை ஒப்பிட்டார்; ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

மூவரையும் மறுநாள் பத்து மணிக்கு வரச் சொன்னார். ஸ்கூட்டரில் ஒரே ஒரு மெக்கானிக் வந்து இறங்கினார்.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"மூணும் நான்தான் மேடம்."

எழுத்தருக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்தணும்னா நம்பரை எதுக்கு அச்சடிக்கிறேன்? பேர் எத்தனை வெச்சாலும் ஆள் ஒருத்தன்னா நம்பர் ஒண்ணுதான்னு வரி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நீங்க மூணு கடைக்கும் கேட்டீங்க. ஒண்ணுக்கு மட்டும் பதில் போட்டா மரியாதையா இருக்குமா?"

"சரி, விலை ஏன் மூணு விதம்?"

முதல் பெயர் மெக்கானிக்கின் மாமனாருடையது. அவர் வைத்த விலையை ஏற்ற இவருக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, பிரிந்துபோன கூட்டாளியோடு தொடங்கியது. அதற்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு, விலையும் கூடுதல். மூன்றாவது இவரே வைத்தது, அதில் இன்றைய விலை.

"அந்தந்தப் பேரைத் தேடி இன்னும் ஆள் வருது மேடம். போர்டை எப்படிக் கழட்டுறது?"

விதிப்படி மூன்று தனித்தனி ஆட்களிடம் விலை வாங்க வேண்டும்; இவர் தந்த மூன்றில் ஒன்றுதான் செல்லும். "இதுல எதை வெச்சுக்கட்டும்?" என்றார் எழுத்தர்.

"பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. உத்தரவாதம் இருக்கிறதையே வெச்சுக்கோங்க."

போகும்முன் அவரே தன் போட்டிக்காரர்கள் இருவரின் போன் எண்களையும் எழுதிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் குறைந்த விலை சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போனார். எழுத்தர் தயங்கித் தயங்கிப் போனில் அதைச் சொன்னதும், "போகட்டும் மேடம், அவர் வேலை சுத்தமா இருக்கும்" என்றார் மெக்கானிக்.

அன்று மாலை எழுத்தர் வீட்டிலிருந்த ரசீதுகளையெல்லாம் கட்டிலில் பரப்பினார். கணவர் எட்டிப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு?"

"இங்க பாருங்க, பேக்கரிக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் ஒரே நம்பர்!"

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஸ்டுடியோ? காட்டு."