லோரியில் வந்த கணினி

போன வாரம் நீலாயில் எங்கள் குடியிருப்புக்குக் கொசுப்புகை அடிக்க வந்தார்கள். முன்கூட்டியே வாட்சாப்பில் தகவல் போட்டுவிடுவார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்படிச் சாமான்களை மூடி, பூனையைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தேன். ஆனால் அந்த டீசல் கலந்த புகை எந்த இடுக்கு வழியாகவோ உள்ளே வந்தது. வந்ததும் என் கை தானாக நெற்றிக்குப் போய் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. பக்கத்தில் இருந்த கணவர், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். இத்தனை வருடமாகக் கூடவே இருப்பவர். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு.

புகை வாசனைக்கு மற்றவர்களுக்கு டெங்கி ஞாபகம் வரும். எனக்கு என் முதல் கணினி ஞாபகம் வரும். கடையில் வாங்கியதில்லை. துண்டு துண்டாகச் சேர்த்து நானே பூட்டியது. அதை நினைத்தால் பெருமைதான் வர வேண்டும். எனக்குப் பயம்தான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். அம்மா, குணா அண்ணன், நான், மூன்றே பேர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். சுற்றுவட்டாரம் முழுவதும் அப்போது சீனர்களின் பன்றிப் பண்ணைகள். அதில் ஒரு பண்ணை முதலாளியிடம், தவுக்கே என்போம், அண்ணன் பன்றி ஏற்றும் லோரி ஓட்டினான். நான் செனவாங்கில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானுக்கு பஸ் ஏறிப் போய்க் கணினி வகுப்பில் உட்காருவேன். அங்கே ஒரு கணினிக்கு மூன்று பேர். என்னைவிடக் கெட்டிக்காரப் பெண்கள் இருவர் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்தது வேடிக்கை பார்க்கும் வேலை. வேடிக்கை பார்த்து யாரும் ஆபீஸில் கிராணி ஆனதில்லை.

வகுப்புக்குக் கீழே ஆ கியோங் என்பவரின் பாகக் கடை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பலகைகளும் கம்பிகளும் மின்விசிறிகளும் கிடக்கும். "ஏன் முழுசா வாங்கணும்? ஒவ்வொண்ணா எடு. நீயே பூட்டலாம்," என்று மலாயில் சொன்னார். எப்படிப் பூட்டுவது என்பதையும் கடையிலேயே ஒரு பழைய பெட்டியைப் பிரித்துக் காட்டினார். பலகையின் ஊசிக் கால்களைத் தொடாதே, தொடுவதற்கு முன் இரும்பைத் தொட்டுக்கொள், உடம்பில் இருக்கும் மின்சாரம் அதைக் கொன்றுவிடும் என்றார். என் உடம்பில் மின்சாரம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வாரம் முழுவதும் அம்மாவைத் தொடக்கூட யோசித்தேன்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பது நான். கொண்டு வருவது அண்ணன். சிரம்பானுக்கு லோரி போகிற நாட்களில் கடையில் நிறுத்தி வாங்கி வருவான். முதலில் வந்தது கூடு. பழுப்பு வெள்ளையில் ஒரு தகரப் பெட்டி. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உள்ள என்னா இருக்கு?"

"ஒன்னும் இல்லம்மா."

"ஒன்னும் இல்லாததயா இம்மாந் தூரம் தூக்கிட்டு வந்தான் உன் அண்ணன்?"

அதற்குப் பிறகு தாய்ப்பலகை வந்தது, வெள்ளி நிறப் பையில். அந்தப் பையைத் திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், புதுச் செருப்புக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அடிக்கடி பையைத் திறந்து மோந்துவிட்டு மூடி வைப்பேன். அண்ணன் கேலி செய்வான். "பாப்பா, அது கம்ப்யூட்டர்லா, கருவாடு இல்ல." எல்லாவற்றையும் சாமி மேசைக்கு அடியில் அடுக்கினோம். வீட்டில் கரப்பான் ஏறாத ஒரே இடம் அதுதான்.

அப்போதுதான் பன்றிகள் இருமத் தொடங்கின.

இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. நாய் குரைப்பது போல ஒரு சத்தம். காற்று எங்கள் பக்கம் வீசினால் லயம் வரைக்கும் கேட்கும். பிறகு மனிதர்கள் விழுந்தார்கள். காய்ச்சல், தலைவலி, தூக்கம். தூக்கத்திலிருந்து எழாமல் போனவர்களும் உண்டு. பின்னாளில் அது பன்றிகளிடமிருந்து வந்த வைரஸ் என்று கண்டுபிடித்து ஒரு பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அப்போது அது கொசுக் காய்ச்சல்தான். புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள், கொசுவலை வாங்கச் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தபோதுதான் ஊருக்கே கிலி பிடித்தது. அண்ணனோடு பண்ணையில் வேலை செய்த ஒருவர், போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு தின்றவர், சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

"வேலய உட்டுருடா," என்றாள் அம்மா.

"இந்த வாரம் மட்டும் போறேம்மா. தவுக்கே தனியா கெடக்குறான்."

கடைசியாக அவன் கொண்டு வந்தது மானிட்டர். அந்தக் காலத்து மானிட்டர் ஒரு சின்னக் கன்றுக்குட்டி கனம் இருக்கும். நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தலய வலிக்குது பாப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டான். கையிலேயே லோரிச் சாவியை வைத்துக்கொண்டு சாவியைக் காணோம் என்று தேடினான். அம்மாவை அத்தை என்று கூப்பிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. தோட்டத்து வேனில் ஏற்றும்போது மட்டும் கொஞ்சம் தெளிந்து என்னைப் பார்த்தான். "நான் வர்றப்ப அதுல படம் ஓடணும்," என்றான். சிரம்பானிலிருந்து அன்றைக்கே கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா கூடவே போனாள்; ஆஸ்பத்திரி நடைபாதையே அவளுக்கு வீடானது.

நான் லயத்தில் இருந்தேன். ஃபேக்டரியில் புக்கிட் பெலண்டோக் ஆட்கள் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கெமாஸில் இருந்த சித்தி, "வா" என்று சொல்லவில்லை. "ஜாக்கிரதையா இரு" என்றாள். அரசாங்கம் ஆட்களை வெளியேறச் சொன்ன எல்லைக்குச் சற்று வெளியே எங்கள் தோட்டம். இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரித் தகவல் வருவதென்றால் தோட்டத்து ஆபீஸ் போனுக்குத்தான் வரும். அதற்காகவே நான் போகவில்லை.

பக்கத்து வீட்டு மாரியக்கா போகாதவர்களில் ஒருத்தி. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கால் வைக்காமல் சொன்னாள்:

"அந்த லோரியில வந்த சாமான எல்லாத்தயும் கொளுத்திரு பிள்ள. பன்னி ஏத்துன லோரிலா அது."

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொளுத்தினால் அண்ணன் வர மாட்டான் என்று இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பயத்தில் இரண்டாவது பெரிதாக இருந்தது. கூட்டையும் மானிட்டரின் மேல்புறத்தையும் டெட்டால் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். பலகையை என்ன செய்வது? ஊதினேன். கிருமியை ஊதி விரட்டப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு பூட்ட உட்கார்ந்தேன். காலை வெளிச்சத்தில், கதவைத் திறந்து போட்டு, காலில் ரப்பர் செருப்போடு. அன்றைக்குத்தான் ராணுவம் பண்ணைகளில் பன்றிகளைச் சுடத் தொடங்கியிருந்தது. தூரத்தில் பட்பட்டென்று கேட்கும். ஒவ்வொரு வெடிக்கும் திருப்புளி திருகாணியை விட்டு நழுவும். தாய்ப்பலகையைக் கூட்டுக்குள் இறக்கிய நேரம் ஒரு வெடி. கை உதறி, தகரத்தின் விளிம்பில் பட்டு, விரல் கிழிந்துவிட்டது. மலிவான கூடுகளின் உள்விளிம்பு கத்தி போல இருக்கும். ரத்தம் கூட்டுக்குள் சொட்டியது.

பன்றி லோரியில் வந்த தகரம். என் ரத்தம். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன், தோல் வெளுக்கும்வரை கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவள் அங்கேயே விழுந்துவிடுவாள். அன்றிலிருந்து கண் விழித்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். என் பெயரையும் அம்மா பெயரையும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். சட்டைப் பொத்தானைக் கண்ணாடியில் சரிபார்ப்பேன். பஸ்ஸில் தலை கொஞ்சம் பாரமாக இருந்தால் போதும், இதோ வந்துவிட்டது என்று கை நெற்றிக்குப் போகும்.

பஸ்ஸில் எதற்குப் போனேன் என்கிறீர்களா? வன்தட்டுக்கான பட்டை வயர் வரவே இல்லை, அண்ணன் விட்டுவிட்டான். ஆ கியோங் கடைக்குப் போனேன். நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் எழுந்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். வயரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கடையின் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். "காசு வேண்டாம். அண்ணன் எப்படி இருக்கான்?" என்று அங்கிருந்தே கேட்டார். பையை எடுத்துக்கொண்டு நான் தெருவில் நின்று அழுதேன். அவர் கிட்டே வரவில்லை, ஆனால் நான் பஸ் ஏறும்வரை கடைக்குள்ளும் போகவில்லை.

எல்லாம் பூட்டி முடித்தபின் ஒரு மத்தியானம் சுவிட்சைத் தட்ட வேண்டிய கட்டம் வந்தது. கையால் தட்டத் தைரியம் இல்லை. துணி உலர்த்தும் மூங்கில் கம்பை எடுத்து, வாசற்படியில் நின்று, அங்கிருந்து குத்தினேன். மாரியக்கா தன் வீட்டு வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். மின்விசிறி சுழன்றது. பிறகு, பீப்... பீப்... பீப்... என்று நீளமாக ஒரு சத்தம், நிற்கவே இல்லை.

"ஐயோ, அது அழுவுது பிள்ள! நிறுத்துலா!"

நிறுத்தினேன். எனக்கு அது ஆஸ்பத்திரியில் அண்ணன் தலைமாட்டில் கேட்ட சத்தம் போலவே இருந்தது. ஒருமுறை கோலாலம்பூருக்குப் போய்ப் பார்த்தபோது கேட்டது. பிறகு ஆ கியோங் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது: நீளமாகக் கத்தினால் நினைவகம் சரியாக உட்காரவில்லை. அந்தக் குச்சிப் பலகையைப் பிடுங்கி, மறுபடி வைத்து, இரண்டு பக்கமும் க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்தினேன். மறுபடி மூங்கில் கம்பு. இந்த முறை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

மாரியக்கா மெதுவாக வந்து முதல்முறையாகப் படி ஏறினாள். "படம் வந்துருச்சா?" என்றாள். எழுத்துதான் என்றேன். "எழுத்து வந்தா போதும்லா," என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்ததும் என்னைத் தன் வீட்டுக்கே சாப்பிட அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிட அவள் விடவில்லை.

கணினி ஓடியது. அண்ணன் கண் திறக்கவில்லை. இதை முடித்தால் அது நடக்கும் என்று நான் மனதுக்குள் போட்டிருந்த கணக்கு தப்பிவிட்டது. தகவல் கொண்டு வரும் தோட்டத்து ஆபீஸ் கிராணியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "அப்படியேதான் இருக்காராம்மா," என்பார். அவர் கை ஆடாத ஒரு நாள் வந்துவிடுமோ என்று பயந்தே அவரை வெறுக்கத் தொடங்கியிருந்தேன், பாவம். கடைசியில் ஒரு நாள் அவர் வண்டியை நிறுத்தாமல், கத்திக்கொண்டே வந்தார். "முழிச்சிட்டாரு! கஞ்சி கேட்டாராம்!"

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தான். கால் தரையைத் தேடித் தேடி வைத்தது. நான் வண்ண வண்ணமாக ஒரு படத்தைத் திரையில் ஓடவிட்டிருந்தேன். அவன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாருக்கே. யாரு வாங்குனது?"

"நீதாண்ணே. நீதான் எல்லாத்தயும் ஏத்திட்டு வந்த."

"நானா?" என்றான், மரியாதையாக, விருந்துக்கு வந்தவன் போல.

அந்த வருடம் முழுவதும் அந்தக் கணினியில் சீட்டாட்டம்தான் ஓடியது. விரலுக்குப் பயிற்சி என்று டாக்டர் சொன்னதால் அண்ணன் சிவப்புச் சீட்டைக் கறுப்புச் சீட்டின் மேல் இழுத்து வைத்துக்கொண்டிருப்பான். ஓரிரு மாதத்தில் என்னை ஜெயிக்கத் தொடங்கினான். அம்மாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவன் பகலில் அயர்ந்தால் போதும், தோளைத் தட்டி எழுப்பி, "என் பேரு என்னாடா?" என்பாள். சொல்லிவிட்டு அவன் தூங்குவான். அவள் தூங்க மாட்டாள். குணமானவர்கள் சிலர் மறுபடி விழுந்தார்கள் என்று யாரோ சொன்னது அவள் காதிலிருந்து போகவே இல்லை.

நான் கிராணி ஆகவில்லை. ஒரு பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அதில்தான் இன்றுவரை சோறு. அம்மா தவறிவிட்டாள். மாரியக்கா மகனோடு தம்பினுக்குப் போனாள். கணினியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். ஆ கியோங் கடை இருந்த இடத்தில் இப்போது குமிழ்த் தேநீர் விற்கிறார்கள். லயத்தை இடித்துவிட்டார்கள். பண்ணைகள் ஒன்றுகூட மீளவில்லை, எல்லாம் செம்பனை.

அண்ணன் லுக்குட்டில் ஒரு செடி நாற்றங்காலில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் அவனை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். தவுக்கேயின் பண்ணை இருந்த இடத்தில் ஒரு முள்வேலிக்கு அருகில் நிறுத்தச் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. தலைவலி வந்த நாளிலிருந்து கஞ்சி கேட்ட நாள்வரை அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நாங்கள் சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, நான் ரொம்ப பயந்தனா?"

"இல்லண்ணே. நீ தூங்கிட்டுதான் இருந்த. நாங்கதான் பயந்தோம்."

"அப்ப சரிலா," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.