பதினைந்து போல்ட்டுகள்

அட்டைப்பெட்டி ஆலையில் அவரை எல்லாரும் 'வோல்ட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். எலக்ட்ரீசியன் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டும் வந்திருக்கிறார்.

காரணம், கடல் கடந்து வந்த ஒரு பழைய மடிப்பு மெஷின். அது பிறந்த ஊரில் மும்முனை மின்சாரம் இருநூறு வோல்ட். இங்கே கம்பியில் வருவதோ நானூற்றுப் பதினைந்து. நடுவில் நின்று இரண்டையும் ஒத்துப்போக வைத்தது ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். வோல்ட்டே தன் கையால் சுற்றியது. கம்பிச் சுற்றின் இடையிடையே வெளியே எடுத்த நுனிகள், மூன்று ஃபேஸுக்கும் ஐந்தைந்தாக, பதினைந்து போல்ட்டுகளில் முடிந்தன. காலை பத்து மணிக்கு அக்கம்பக்கத்துப் பட்டறைகள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் மூச்சு வாங்கிச் சரியும். மாலையில் அவை நின்றதும் துள்ளும். இரண்டு வேளையும் மெஷினை நிறுத்தி, மூன்று கேபிளையும் வேறு போல்ட்டுக்கு மாற்றிப் பூட்ட வேண்டும்.

எந்த போல்ட் எதற்கு என்று பெட்டியில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. அது மறதியல்ல. அவருக்கு முன்பு இருந்த எலக்ட்ரீசியன் ஆலையின் சுவிட்ச்போர்டுகள் எல்லாவற்றிலும் எது எதற்கென்று பெயிண்டில் அழகாக எழுதி வைத்தார். எழுதி முடித்த மாதமே, "இனி நாங்களே பார்த்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பூனை சூடுபட்டதைக் கண்ட பூனை இவர். ஆகவே நுனிகளை வேண்டுமென்றே வரிசை தப்பி மாட்டினார், ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒவ்வொரு விதமாக. நேர்வரிசை என்று நம்பி எவனாவது கை வைத்தால் மோட்டார் கருகும். கணக்கு அவர் தலைக்குள் மட்டும். வேலை பறிபோகாமல் பூட்டுப் போட்டதாக நினைத்தார். உள்ளே நின்றுகொண்டு பூட்டியது பிறகுதான் தெரிந்தது.

இப்போது மகள் தொலைவில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில். பிரசவத்தில் சிக்கல், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். மனைவி முன்பே போய்விட்டாள். மகள் போனில் கேட்டாள்.

"அப்பா, என் கல்யாணத்தன்னைக்கே பத்து மணிக்கு மெஷின்கிட்ட ஓடினீங்க. இதுக்காவது வருவீங்களா?"

"வர்றேம்மா."

சொல்லிவிட்டார். முதலாளியிடம் கேட்டார்.

"தாராளமா போய்யா. எந்த போல்ட்டுன்னு மட்டும் எழுதி வச்சிட்டுப் போ."

எழுதினால் குட்டு உடைந்துவிடும்.

புதன்கிழமை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினார்கள். யாருக்கும் தெரியாமல் நுனிகளை வரிசைப்படுத்திவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். கம்பிகள் எட்டவில்லை. அன்று கோணல் இடத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவே விட்டு நறுக்கியிருந்தார். ஒட்டுப்போட்டு நீட்டலாம். அத்தனை ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒட்டு சூடாகும், மனசு ஒப்பவில்லை. கோணலைக்கூட அளவெடுத்துச் செய்த மனிதர், வேறென்ன செய்வார்? சின்ன பிரஷ்ஷை எடுத்து, இருந்தபடியே எண்களை எழுதினார். ஒரு வரிசை மூன்றில் தொடங்கியது, அடுத்தது ஐந்தில்.

மறுநாள் காலை பையோடு வந்தார். மெஷின் ஓட்டும் பெண்தான் முதலில் பார்த்தாள்.

"என்னண்ணே இது, குலுக்கிப் போட்ட சீட்டு மாதிரி இருக்கு?"

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இவ்வளவு சிக்கலாய்யா இது? வேற யாரும் இதுல கை வைக்கக் கூடாது. வோல்ட்டு, நீ எங்கயும் போக வேண்டாம்."

வாயை மூடிக்கொண்டால் மானமும் வேலையும் பிழைக்கும். மகள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"சிக்கல் இல்ல முதலாளி. நான்தான் வேணும்னே மாத்தி மாட்டினேன். முன்னாடி இருந்தவரை மாதிரி என்னையும் அனுப்பிடுவீங்கன்னு பயம்."

மணி பத்து. மீட்டர் முள் சரியத் தொடங்கியது.

"எந்த நம்பர்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"நாலுலேர்ந்து ரெண்டுக்கு. மூணு வரிசையிலயும் ரெண்டு. முதல்ல மெயினை அணை. டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத் தொடு."

அவள் எண்ணைத் தேடித் தேடி மூன்றையும் பூட்டினாள். ஒவ்வொரு முறுக்குக்கும், பையின் வாரைப் பிடித்திருந்த அவர் கையும் தானாகத் திரும்பியது. மெயினைப் போட்டாள். முள் இருநூறில் வந்து நின்றது.

"பதினோரு வருஷமா இந்த அஞ்சு நிமிஷ வேலைக்காய்யா உன்னைத் தாங்கிட்டு இருந்தேன்?" என்றார் முதலாளி.

"எனக்கு நாலு நிமிஷம், முதலாளி. அவளுக்குப் புதுசு, அதான் அஞ்சு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வோல்ட்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.