துளிர்க்காத வரிசை

ராஜபாயைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் அந்த மலைக்குடியில் அவளிடம் ஏச்சு வாங்காதவர் ஒருவருமில்லை. ரப்பர் ஷீட்டை நிறுக்கும்போது தராசில் விரலை ஊன்றிய வியாபாரியைக் குலசேகரம் சந்தையில் நாலு பேர் பார்க்க நிறுத்தி வைத்து அவள் கேட்ட கேள்வியில், மத்தியானச் சாப்பாட்டுக்கென்று எழுந்து போன மனிதன் அன்று கடைக்குத் திரும்பவேயில்லை. ஓட்டுக் கேட்டு வள்ளத்தில் வந்தவர்களைக் கரையில் இறங்கவிடாமல், "கரண்டக் கொண்டு வந்தா இறங்குங்க, இல்லேன்னா அப்பிடியே திரும்பிப் போங்க" என்று விரட்டியவளும் அவள்தான். ஊரில் அவளுக்கு வெடி ராஜபாய் என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபப்பட வேறு காரியங்கள் நிறைய இருந்தன.

அதில் பெரியது கரண்டு. மலைக்கு மேலே தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். அது கோபுரம் கோபுரமாகத் தாண்டி இவர்கள் கூரைக்கு மேலே கம்பியில் போகிறது. மழை நாளில் அந்தக் கம்பி இரைவது பாயில் கிடந்தாலே கேட்கும். கீழே அத்தனை வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு. கேட்டால் காட்டு நிலமாம், வீட்டுக்குக் கம்பம் நடக்கூடாதாம். கோபுரம் நடலாமாம், கம்பம் நடக்கூடாதாம்! என்ன நியாயம் ஐயா இது? ராஜபாய்க்கு இதை நினைத்தாலே உச்சந்தலைக்கு ஏறும்.

அவள் புருஷன் சுந்தரராஜ் இதற்கு நேர் எதிர், வாயில்லாப் பூச்சி. கல்யாணம் முடிந்து வந்த முதல் மழைக்குச் சரிவு முழுக்க ரப்பர் கன்று நட்டு, கோடையில் ஓடையிலிருந்து தோளில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தான். அந்த மரங்கள்தான் இருவருக்கும் சோறு போட்டன, மகள் ஜினிஷாவைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்தன. மரம் பால் வெட்டுக்கு வரும்வரை வயிற்றைக் கழுவ அவன் கல் உடைக்கும் கிரஷரில் வேலைக்குப் போனான். அந்தத் தூசு போகாமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியதும் மேடு ஏற முடியவில்லை, பிறகு நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு சின்ன மெசினை வாங்கச் சொன்னார். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக நெஞ்சுக்குள் அனுப்பும் மெசின். தினமும் நாலு தடவை வைக்க வேண்டும், மூச்சு முட்டு வந்தால் உடனே வைக்க வேண்டும். ராஜபாய் வாங்கிவிட்டாள். ஆனால் அதன் பிளக்கை எங்கே கொண்டு செருகுவது?

அதனால் சுந்தரராஜ் குலசேகரத்தில் தங்கை சபிதா வீட்டுக்குப் போனான். சபிதா கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனால் அண்ணனுக்குக் கட்டில் போட்டது கார் ஷெட்டில். "ராத்திரி முழுக்க இருமினா பிள்ளையளுக்கு உறக்கம் வராண்டாமா மைனி?" என்றாள். ராஜபாய் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் நாக்கைக் கடித்துக்கொண்டது அந்த ஒரு வீட்டில்தான். ஏதாவது சொன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்களே!

"இஞ்ச ஒரு கொறையும் இல்லட்டி" என்பான் சுந்தரராஜ், அவள் பார்க்கப் போகும் ஒவ்வொரு ஞாயிறும். ஒருநாள் மட்டும் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, "என்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ ஏட்டி" என்றான். பஸ் புறப்பட்டது. அன்று வள்ளத்தில் அணையைக் கடக்கும்போது அவள் திட்டியதில் கரண்டு ஆபீஸ், காட்டாபீஸ், கிரஷர் முதலாளி, அணைத் தண்ணீர் ஒன்றுமே தப்பவில்லை.

இப்படி இருக்கையில்தான் சோலார் வந்தது. ஏதோ திட்டத்தில், ஏதோ கம்பெனிக்குக் குத்தகை. மகேஷ்குமார் என்று ஒரு இன்ஜினியர் வந்தான். குடியிருப்புக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் பேனல் வரிசை, பக்கத்தில் பேட்டரி அறை, அங்கிருந்து வீட்டுக்கு வீடு மண்ணுக்கடியில் வயர், கம்பம் இல்லாததால் காட்டாபீசும் தடுக்கவில்லை. எங்கே வைக்கலாம் என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் ராஜபாய் முந்திக்கொண்டாள். "எனக்க விளையில வையுங்க சார். வள்ளம் அடுக்கிற கடவுக்குப் பக்கம், சாமான் சொமக்க வேண்டாம்."

உண்மை அதுவல்ல. அந்த விளை, ரப்பர் நட்ட தோட்டம், அவள் வீட்டுப் பின்வாசலில் இருந்தது. வயர் முதலில் வருவது அவள் வீட்டுக்கு, மெசினுக்குக் கரண்டு முழுசாகக் கிடைக்கும். அந்தக் கணக்கில்தான் சொன்னாள். அது மாசி மாதம். ரப்பர் மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிற காலம். தோட்டத்துக்குள் வெயில் கொட்டிக் கிடந்தது. மகேஷ்குமாருக்கு அது தெரியாது, பட்டணத்துப் பையன். ஆனால் அந்தக் குடியிருப்பில் பால் வெட்டாத கை ஒன்றும் கிடையாது. அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பங்குனியில் இலை வருமே என்று ஒரு வாய் பேசவில்லை. கரண்டு வருகிறது என்ற ஆவலில் இலை வருவதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

திறப்புவிழா அன்று சுவிட்சைப் போட்டது ராஜபாய். அன்றே போய்ப் புருஷனைக் கூட்டி வந்தாள். மெசின் உர்ரென்று ஓடியது. சுந்தரராஜ் சொந்தப் பாயில் கிடந்து, சொந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, சன்னல் வழியாகத் தன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பங்குனி பிறந்ததும் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்விட்டன. "இந்த வருசம் நல்ல துளிருட்டி" என்று சந்தோஷப்பட்டான், பாவி மனிதன்.

சித்திரையில் பல்பு மங்கியது. பேட்டரி சாயங்காலத்தோடு நின்றது. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் சுந்தரராஜுக்கு முட்டு வந்தது, மெசினைப் போட்டாள், பாதியில் நின்றுவிட்டது. முகமூடிக்குள் ஆவி வரவில்லை. அவன் உதடு நீலம் பாரித்தது. நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். அக்கரை சேரும்வரை ராஜபாய் விசிறியால் வீசிக்கொண்டே, "சாவாதீரும், செத்தீருன்னா சும்மா விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே போனாள். பிழைத்தான். மறுபடி கார் ஷெட்டுக்குத்தான் போனான்.

அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத படி இல்லை. நாகர்கோவிலில் கம்பெனி ஆபீசில் மகேஷ்குமார் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். "நிழல் விழுந்தா பேனல் வேலை செய்யாதும்மா. மரத்தை வெட்டிடுங்க" என்றான்.

"அப்போ இடத்த மாத்தி வையும்."

"திட்டம் முடிஞ்சு போட்டோவெல்லாம் அனுப்பியாச்சு. அதுவுமில்லாம, இடம் காட்டினது நீங்கதானே?"

அந்தக் கேள்வி அவளை அடித்துப் போட்டுவிட்டது. எழுந்து வந்தாள். வழிநெடுகத் தன்னைத்தானே ஏசினாள். இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறாயே மூதி, உனக்குப் புத்தி எங்கே போயிற்று?

காட்டுக் காவலர் ததேயுஸ் நல்ல மனிதர்தான். ஆனாலும் கையை விரித்துவிட்டார். "அக்கா, ரப்பர் ஆனாலும் இது காட்டு நெலமாக்கும். அனுமதி இல்லாம ஒரு மரத்துல கோடாலி விழுந்தா கேஸு. எனக்க வேலயும் போவும்." அனுமதி கேட்டதற்குக் காட்டாபீஸ் வேறொரு ஆபீசைக் காட்டியது. அந்த ஆபீஸ் திரும்பவும் காட்டாபீசைக் காட்டியது. மழை வந்து போய்விட்டது, கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் சுந்தரராஜ், "இலை விழுந்தாச்சாட்டி?" என்று மட்டும் கேட்பான்.

மாசியில் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதும் சரியாக அதே மாசியில்தான், வருஷக் கணக்கு முடிவதற்கு முன்பு வர வேண்டுமாம். மகேஷ்குமார் வந்து நின்றபோது மொட்டை மரங்களுக்கு நடுவே பேனல் பளபளவென்று மின்னியது. வீட்டுக்கு வீடு பல்பு பட்டப்பகலில் எரிந்தது. அவன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தான்.

"பாத்தீங்களாம்மா, நல்லாத்தானே வேலை செய்யுது! சும்மா புகார் பண்ணிட்டிருந்தீங்களே."

"அடுத்த மாசம் இலை வருமே சார்!"

"வரட்டும், அப்போ பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய் வள்ளத்தில் ஏறிக்கொண்டான்.

ராஜபாய் கரையில் நின்று அவனை ஏசவில்லை. பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். நேராக வீட்டுக்கு வந்தாள், கூரை இறவாணத்தில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள், கல்லில் தீட்டினாள்.

ரப்பர் மரத்தில் பட்டையைச் சரிவாக, மரத்தின் பாதிச் சுற்றுக்குத்தான் வெட்டுவார்கள். அதற்குமேல் கத்தி போகக்கூடாது, கட்டையில் படக்கூடாது. மீதிப் பட்டைதான் மரத்துக்கு உயிர். அவள் பேனலைச் சுற்றி நின்ற முதல் மரத்தில் கத்தியை வைத்து, பாதிச் சுற்றில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனாள். பட்டையைக் கையகலத்துக்கு முழு வளையமாக உரித்து, கட்டை தெரியக் கீறினாள். நாலு பக்கமும் பால் வழிந்தது. பாலை ஷீட்டாக உறைய வைக்கிற ஆசிட்டைத் துணியில் நனைத்து அந்த வளையத்தில் சுற்றிக் கட்டினாள். அடுத்த மரத்துக்குப் போனாள். "இது போட்டோ எடுத்தவனுக்கு" என்றாள். "இது கையை விரிச்சவனுவளுக்கு." இன்னொன்றில், "இது இடம் காட்டின மூதிக்கு" என்று சொல்லிக் கத்தியை அழுத்தினாள். கண்ணீர் வந்தது. அதற்கும் கோபப்பட்டு முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பிந்து ஓடி வந்தாள். "ஐயோ அக்கா! பட்டைய முழுசாச் சுத்திட்டியளே, மரம் செத்துப் போவுமே! நல்ல பால் மரமாச்சே!"

"சாவட்டும். ஒண்ணு மரம் சாவணும், இல்லேன்னா என்னைக் கெட்டின மாப்பிள சாவணும். ஆபீசருவ யாராவது சாவப் போறானுவளா?"

பங்குனி வந்தது. மலை முழுக்க ரப்பர் செம்பு நிறத்தில் துளிர்த்தது. பேனலைச் சுற்றியிருந்த வரிசையில் ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் நுனியில் துளிர் காட்டிப் பார்த்துக் கருகின. மற்றவை அதுகூடச் செய்யவில்லை. ததேயுஸ் வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னக்கா இது?"

"எண்ணிப் பாரும். ஒரு மரம் விழுந்திருக்கா? எல்லாம் நிக்குதா?"

"நிக்குது."

"கோடாலி பட்டிருக்கா?"

"இல்ல."

"அப்போ போய்க் கேஸ எழுதும், பாப்போம்."

ததேயுஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்திரை முழுக்கப் பல்பு மங்குகிறதா என்று ராஜபாய் பார்த்தாள். மங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு குலசேகரம் போனாள். மெசினைப் பையில் போட்டாள், சபிதாவிடம், "உபகாரம் மறக்கமாட்டேன், இனி வரவும் மாட்டேன்" என்றாள், புருஷனைக் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறினாள். மரங்களைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

கடவில் இறங்கி நாலடி ஏறியதும் சுந்தரராஜ் நின்றுவிட்டான். சுற்றிலும் பச்சை. நடுவில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை மட்டும் எலும்பாக நின்றது. மெல்ல மெல்லப் போய் முதல் மரத்தின் வளையத்தைத் தடவினான். பால்வெட்டுக்காரனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏட்டி, இது யாரு செஞ்ச வேல?"

"நாந்தான்."

"எனக்க மரத்தையா?" அந்தக் குரலை ராஜபாய் அதுவரை கேட்டதில்லை. "அறிவுகெட்ட மூதி! தோளுல தண்ணி சொமந்து வளத்த மரமாக்கும் இது! ஒரு வார்த்த கேட்டியா எங்கிட்ட? இனி எங்ஙன கஞ்சி குடிப்போம்? உனக்க..."

அதற்குமேல் வரவில்லை. மூச்சு முட்டியது. மரத்தைப் பிடித்தபடி சரிந்தான். ராஜபாய் அவனைத் தூக்காத குறையாக உள்ளே இழுத்து வந்து உட்கார்த்தினாள், முகமூடியை மாட்டினாள், சுவிட்சைப் போட்டாள். மெசின் உர்ரென்றது. அவள் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் மங்கிய அதே பல்பு. மங்கவில்லை. மருந்து முழுசும் தீர்ந்து, மெசினை அவளாக நிறுத்தும்வரை அது அப்படியே எரிந்தது. சுந்தரராஜின் உதட்டில் ரத்த ஓட்டம் திரும்பியது. நெஞ்சு இறங்கி ஏறியது. முகமூடியைக் கழற்றினான்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல்ல கேட்டியா" என்றான்.

"தீராண்டாம்!" என்று கத்தினாள் ராஜபாய். "ஒரு வருசமா அடுத்தவன் வீட்டுல வாயத் தொறக்காமக் கெடந்தீரே! இது உமக்க வீடு. உமக்க மரத்தக் கொன்னு வாங்கின கரண்டு. நல்லா மூச்ச இழுத்து விட்டு ஏசும்!"

அவன் ஏசினான். அவளும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சண்டை வள்ளக்கடவு வரை கேட்டது.